நல்ல அறை

அம்மாவுக்கு நாங்கள் ஒதுக்கியது வீட்டிலேயே நல்ல அறை. மேடவாக்கத்தில் இரண்டாவது மாடியில் எங்கள் ஃபிளாட். ரோட்டுச் சத்தம் கேட்காத ஒரே அறை அதுதான். குளியலறை உள்ளேயே உண்டு. ஏசி போட்டிருந்தோம். ஜன்னல் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துக்கும் எங்கள் கட்டடத்துக்கும் நடுவே குழாய்கள் இறங்கும் சந்துதான் தெரியும். கொசு வருகிறது, சாக்கடை வாடை வருகிறது என்று அதை மூடித் தடித்த திரையையும் தொங்கவிட்டோம். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும், "அம்மாவக் குறையில்லாம வச்சிருக்கப்பா" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த அறையில் அம்மா ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தாள்.

அதற்கு முன்னால் அவள் இருந்தது கீழக்குயில்குடியில். மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரம். மலையடியில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம். தெருக்கோடியில் எங்கள் வீடு. அம்மாவின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மாட்டைக் கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வரும்போது வெயில் முகத்தில் அடிக்கும். மதியம் வேப்பமர நிழலில் கொஞ்ச நேரம் கால் நீட்டுவாள். சாயங்காலம் திண்ணையில் இருப்பாள். ராத்திரி எட்டரை மணிக்குக் கண் சொருகிவிடும். கடைசி சில வருஷங்களாக இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால், "கால் பழகுன எடந்தானப்பா, கண்ணு எதுக்கு" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

அப்பா போன பிறகு அவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை. மாட்டை விற்றோம், வீட்டைப் பூட்டினோம், கூட்டி வந்துவிட்டேன். ஹாலில் கிழக்குப் பார்த்த பால்கனி உண்டு. "அத்தை ஹால்லயே இருக்கட்டுமே, காத்தோட்டமா இருக்கும்" என்று என் மனைவி முதல் நாளே சொன்னாள். வருகிறவர்கள் போகிறவர்கள் மத்தியில் அம்மா கட்டிலில் படுத்திருந்தால் நன்றாக இருக்காது, அவளுக்கும் நிம்மதி இராது என்று நான்தான் மறுத்தேன். இன்னொரு எண்ணமும் உள்ளே இருந்தது. வாய்விட்டு அதைச் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் அவளுக்காக நான் செய்த ஏற்பாடு எல்லாம் அதன்மேல்தான் நின்றது: கண்ணே சரியாகத் தெரியாதவளுக்கு வெளிச்சம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இரண்டு மூன்று மாதத்தில் தூக்கம் கெட்டது. பகலில் நாங்கள் வேலைக்குப் போன பிறகு படுத்தே கிடப்பாள். ராத்திரி ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு எழுந்து போர்வையை மடித்துவைத்து, தலை சீவி, எங்கள் அறைக் கதவைத் தட்டுவாள். "ஏப்பா, பொழுது விடிஞ்சிருச்சா? காப்பி போடலயா?" முதலில் பொறுமையாகச் சொன்னேன். பிறகு குரல் உயர்ந்தது. "அம்மா, மணி ரெண்டு. எனக்குக் காலைல வேலைக்குப் போகணும். போய்ப் படும்மா." அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவாள். அப்படி அவள் திரும்பிப் போன ராத்திரிகளில் நான் உடனே தூங்கிவிட்டேன்.

பகலில் ஒருநாள் தெளிவாகவே சொன்னாள். "இங்க பொழுதே தெரியலப்பா." நான் போய்ப் பெரிய சிவப்பு எண்கள் எரியும் டிஜிட்டல் கடிகாரம் வாங்கி வந்து கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். கலங்கிய கண்ணுக்கும் அந்த எண்கள் தெரிந்தன. இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். "ரெண்டுன்னு காட்டுதே, பகல் ரெண்டா, ராத்திரி ரெண்டா?" அந்தக் கேள்வியை நான் வயதின் குழப்பம் என்று எடுத்துக்கொண்டேன். மறதி நோயின் ஆரம்பமாக இருக்குமோ என்று அக்காவுக்குப் போன் செய்து கவலைப்பட்டேன். எழுபத்தைந்து வயதில் அவ்வளவு சரியான ஒரு கேள்வியைக் கேட்டவளைப் பற்றித்தான் அப்படிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ராத்திரியில் எழுந்து நடந்தால் தடுக்கிவிடும் என்று, அந்த அறையின் எல்இடி டியூப்லைட்டை விடிய விடிய எரியவிட்டேன். பகலில் கரண்ட் செலவு என்று அவளே அணைத்துவிடுவாள். யோசித்தால், அவளுடைய பகலை இருட்டாக்கி, இரவை வெளிச்சமாக்கி வைத்திருந்தோம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. "வெயிலே படலையா?" என்று டாக்டர் கேட்டு, வாரம் ஒரு பொடி பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். வெயிலால் ஆகவேண்டியது எதுவோ அது அந்தப் பொடியோடு முடிந்தது என்று நினைத்தேன். தோலுக்குச் சேரவேண்டியது பொடியில் வந்துவிட்டது. கண்ணுக்கும் ஒன்று சேரவேண்டும் என்று எனக்குத் தெரியாது.

தூக்க மாத்திரையும் வந்தது. கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுங்கள், பிறகு கூட்டிவாருங்கள் என்றுதான் டாக்டர் எழுதினார். அம்மா தூங்கினாள், நாங்களும் தூங்கினோம். அந்த நிம்மதியில் திரும்பக் கூட்டிப்போவதை விட்டுவிட்டேன். பழைய சீட்டையே மருந்துக் கடையில் காட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். தூக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் கீழே விழும் ஆபத்து அதிகம் என்பது மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த டாக்டரிடம் மறுபடி போயிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பார்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்தாள். டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து இடுப்பில் செயற்கை மூட்டு வைத்தார்கள். இன்றுவரை வாக்கர் இல்லாமல் அம்மாவால் நாலு எட்டு வைக்க முடியாது. ஊருக்குப் போய்த் தன் வீட்டில் இருக்கலாம் என்ற பேச்சே அதோடு நின்றுபோனது. இதற்கு நான் கொடுத்த விலை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை, கொடுத்தது அவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அந்த நல்ல அறைக்குள் வாக்கர் திரும்பவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இடம் போதவில்லை, குளியலறைக்கு ஒரு படி வேறு ஏறவேண்டும். வேறு வழியில்லாமல் கட்டிலை ஹாலில், பால்கனிக் கதவை ஒட்டிப் போட்டோம். காலையில் வெயில் நேராக உள்ளே வரும். பிசியோதெரபிக்கு வந்த பெண் தினமும் அவளைப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் கால் பயிற்சி கொடுத்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவர்கள், கீழே தண்ணீர் லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் அம்மாவுக்குச் சத்தமாகவாவது தெரிந்தன. சில வாரங்களில் அவள் ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்க ஆரம்பித்தாள். வலி மாத்திரையின் மயக்கம் என்று நினைத்தேன். வலி மாத்திரை நின்றது. தூக்கம் நிற்கவில்லை. டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்னபடி தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். அப்போதும் தூங்கினாள். இடம் மாறியதில் மனசு தேறிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

கண் ஆபரேஷனை இனியும் தள்ளக்கூடாது, பார்வை மங்கினால் மறுபடி விழுவாள் என்று கண் மருத்துவரிடம் போனோம். நடுவயதுப் பெண் மருத்துவர். விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "லென்ஸ் நல்லா பழுப்பேறிப் போச்சு. எப்படித் தூங்குறாங்க?" என்றார். கண்ணுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. முன்னால் தூங்கவே மாட்டார்கள், இப்போது பரவாயில்லை என்றேன். "முன்னாடி எந்த ரூம்ல இருந்தாங்க?" சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. வயதாக ஆக லென்ஸ் மஞ்சளாகிப் பழுப்பாகும், கண் பாப்பாவும் சுருங்கும், உள்ளே போகிற வெளிச்சமே குறைச்சல், அதிலும் நீல ஒளி ரொம்பக் குறைந்துவிடும், மூளை நேரம் பார்ப்பது அந்த நீலத்தை வைத்துத்தான் என்றார். "இவங்களுக்கு நம்மளவிட அதிகமா வெளிச்சம் வேணும் சார்" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் தேதியை எழுதினார்.

அடுத்த நாள் காலை அந்த அறைக்குள் போனேன். அதைச் சாமான் போட்டுவைக்கும் அறையாக மாற்றலாம் என்று பேச்சு. என்னென்ன எடுக்கவேண்டும் என்று பார்க்கப் போனவன், கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். விளக்கைப் போடவில்லை. மணி பத்து இருக்கும். வெளியே சித்திரை வெயில். உள்ளே என் கை விரல்கள் நிழலாகத் தெரிந்தன. சற்று நேரத்தில் கண் பழகி, அலமாரியின் விளிம்பும் சுவரில் சிவப்பு எண்களும் தெரிந்தன. 10:07. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் சொல்லுகிறது, நானும் காலையில் எழுந்து வந்தவன், எனக்குத் தெரியும் இது காலை என்று. ஆனால் அந்த அறையில் இருந்த எதுவும் அதைச் சொல்லவில்லை. ஏசி ஓடாத அறையில் சத்தமும் இல்லை. ரோட்டுச் சத்தம் கேட்காது என்றுதானே அதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது ராத்திரி பத்து என்று யாராவது சொல்லியிருந்தால் என் உடம்பு அதையும் ஒத்துக்கொண்டிருக்கும். பகல் ரெண்டா, ராத்திரி ரெண்டா என்று அம்மா கேட்டது அப்போதுதான் எனக்குக் கேட்டது. அவள் மணி கேட்கவில்லை.

எழுந்து டியூப்லைட்டைப் போட்டு, போனில் வெளிச்சம் அளக்கும் செயலியை இறக்கி, தலையணை இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே லக்ஸ். பால்கனியில் வெயில் நேராகப் படாத மூலையில் வைத்தேன். எட்டாயிரத்தைத் தாண்டியது. போன் துல்லியமான கருவி ஆகாது. இருந்தாலும் வித்தியாசம் அந்த அளவுக்குத்தான் இருக்கும். நல்ல வெயிலில் திறந்த வெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மரநிழலிலும் பல ஆயிரம் உண்டு. விளக்கெரியும் ஆபீசில் முந்நூறிலிருந்து ஐந்நூறு. வீட்டுக்குள் அதைவிடக் குறைவு. நம் கண் இரண்டு இடத்துக்கும் சட்டென்று தன்னைச் சரிசெய்துகொள்வதால், நூறு மடங்கு வித்தியாசத்தை ஏதோ கொஞ்சம் மங்கல் என்றுதான் உணர்கிறோம். ஊரில் வேப்பமரத்தடியில் கால் நீட்டியிருந்த அரைமணி நேரத்தில் அம்மாவின் கண்ணுக்குப் போன வெளிச்சம் என் அறையில் ஒரு நாள் முழுக்க இருந்தாலும் போயிருக்காது.

அதன் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தாமதமாகப் படிக்கிறவனுக்கு ஒவ்வொரு பக்கமும் உறுத்தும். 1920களிலேயே அமெரிக்காவில் கிளைட் கீலர் என்பவர், பிறவியிலேயே பார்வைச் செல்கள் கெட்டுப்போன எலிகளின் கண்ணில் வெளிச்சம் பட்டால் பாப்பா சுருங்குவதைக் கவனித்திருக்கிறார். பார்க்க முடியாத கண் வெளிச்சத்தை மட்டும் எப்படியோ அறிகிறது. பல பத்தாண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1999-ல் பிரிட்டனில் ரஸ்ஸல் ஃபாஸ்டரின் குழு, விழித்திரையில் குச்சி செல்லும் கூம்பு செல்லும் இல்லாத எலிகள்கூட ஒளியை வைத்துத் தங்கள் உடல் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கின்றன என்று காட்டியது. கண்ணை எடுத்துவிட்டால் முடியவில்லை. ஆக, கண்ணுக்குள் மூன்றாவதாக ஏதோ இருக்கவேண்டும். அதற்கு முந்தைய வருஷம் இக்னேசியோ புரொவென்சியோ தவளையின் தோலில் மெலனாப்சின் என்ற ஒளி உணரும் புரதத்தைக் கண்டுபிடித்திருந்தார். அதே புரதம் நம் விழித்திரையின் உள்ளடுக்கில் சில நரம்புச் செல்களிலும் இருக்கிறது. அந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்று 2002-ல் டேவிட் பெர்சன் நிரூபித்தார். உருவம், நிறம், யார் வருகிறார்கள், எழுத்து என்ன என்று பார்ப்பது அவற்றின் முக்கிய வேலை ஆகாது. எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது, எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று அளந்து மூளைக்குச் சொல்வதுதான் அவற்றின் வேலை.

அவை சொல்லுவது ஹைபோதலாமஸில், இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும் ஒரு சிறு செல்திரளுக்கு. சுமார் 20,000 நரம்புச் செல்கள். உடம்பின் தலைமைக் கடிகாரம் அது. எப்போது பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கவேண்டும், உடம்பின் சூடு எப்போது தணியவேண்டும், பசி எப்போது என்று எல்லாம் அதன் கணக்கு. ஆனால் அந்தக் கடிகாரம் சரியாக 24 மணிநேரம் ஓடுவதில்லை. பெரும்பாலானோருக்கு ஒரு சுற்று முடிய 24 மணிநேரத்துக்கு மேல் சில நிமிஷங்கள் ஆகிறது. ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்று இருந்தது. தினமும் கொஞ்சம் பின்தங்கும். காலையில் ரேடியோவில் மணி சொல்லும்போது அப்பா ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பி வைப்பார். உடம்புக்கு அந்தத் திருப்பலைச் செய்வது காலை வெளிச்சம். அது கண் வழியாக மட்டுமே போகும். சூரியனைப் பார்க்கவேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. திறந்த வானத்தின் கீழ் கண் திறந்து இருந்தால் போதும். ராத்திரியில் படும் பிரகாசமான விளக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும்: கடிகாரத்தைத் தள்ளிப்போடும், மெலடோனினை அடக்கும். நான் விடிய விடிய எரியவிட்ட டியூப்லைட் அம்மாவுக்கு என்ன செய்திருக்கும் என்று அந்த வரியில்தான் நிறுத்தி யோசித்தேன்.

என்னை அதிகம் தைத்தது 1995-ல் சார்லஸ் செய்ஸ்லர் குழு வெளியிட்ட ஒரு ஆய்வு. பார்வையே இல்லாத 11 பேருக்கு இரவில் பிரகாசமான வெளிச்சம் காட்டினார்கள். அவர்களில் 3 பேருக்கு, எதையும் பார்க்க முடியாத அந்தக் கண் வழியாகவே, மெலடோனின் குறைந்தது. கண்ணே சரியாகத் தெரியாதவளுக்கு வெளிச்சம் எதற்கு என்று நான் உள்ளுக்குள் நினைத்ததற்கான பதில் நான் இளைஞனாக இருந்தபோதே அச்சில் வந்திருக்கிறது.

அதைவிடவும் பக்கத்தில் ஒன்று இருந்தது. எங்கள் ஊருக்கு அருகேயே உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். இந்தியாவில் உயிர்க் கடிகார ஆராய்ச்சியை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர். அவரும் மாரிமுத்து முதலான மாணவர்களும் 1970களின் பிற்பகுதியிலிருந்து சமணர் மலையையும் சுற்றுவட்டாரக் குகைகளையும் தேடிப்போய் வௌவால்களை ஆராய்ந்திருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தி சாயும்போது குகையிலிருந்து அவை கூட்டமாகப் புறப்படுவதைக் குளக்கரையில் நின்று பார்த்திருக்கிறேன். இருட்டுக் குகைக்குள் இருப்பவற்றுக்கு வெளியே அந்தியானது எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சில வௌவால்கள் குகை வாய் வரை பறந்து வந்து வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பும். போதுமான இருட்டு வந்த பிறகுதான் கூட்டம் கிளம்பும். அந்தக் குழு ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்துக் குகையின் உள்ளிருட்டிலேயே வைத்துப் பார்த்தது. கூட்டம் போய்வரும் நேரத்தை வைத்து அந்தக் கைதியும் தன் நேரத்தைப் பிடித்துக்கொண்டது. வௌவால் இல்லாத வேறு குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் தன்போக்கில் நகர்ந்துபோனது. 1981-ல் அந்த ஆய்வு வெளியானது.

ஆகவே அம்மாவின் தூக்கம் திரும்பியதற்கு வெளிச்சம் ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஹாலுக்கு வந்தபோது மனிதர்களும் சேர்ந்து வந்தார்கள். குக்கர் சத்தம், பள்ளிக்கூட வேன், பால்காரர், பிசியோதெரபிப் பெண்ணின் பேச்சு எல்லாம் அவளுடைய நாளைப் பிடித்து நிறுத்தியிருக்கும். உள்ளறையில் வைத்து அவளிடமிருந்து இரண்டையும் ஒரே கதவைச் சாத்தி நான் எடுத்துக்கொண்டேன். சந்திரசேகரன் குழுவினர் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை கட்டி, கடிகாரமும் சூரியனும் இல்லாமல் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே தங்கியவர்கள் தாங்களாக முன்வந்து போனவர்கள். அம்மாவை நான் கேட்கவில்லை.

நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2008-ல் வந்தது. பெரும்பாலோர் மறதி நோய் உள்ளவர்கள். சில இல்லங்களில் பொது அறையின் கூரை விளக்குகளைக் கூட்டி, பகல் முழுக்கச் சுமார் 1,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும்படி செய்தார்கள். அங்கிருந்தவர்களுக்கு நினைவுத் திறன் சரிவது சற்று மட்டுப்பட்டது, மனச்சோர்வும் குறைந்தது. மருந்து கொடுத்து இவ்வளவு கிடைத்தால் எவ்வளவு விலை சொல்வார்கள்! அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் எங்கள் பால்கனியில் தினமும் சும்மா கிடந்தது.

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் அம்மாவைப் பால்கனியில் உட்காரவைத்தோம். கறுப்புக் கண்ணாடியை மூக்கின் மேல் தாழ்த்திக்கொண்டு மேலே பார்த்தாள். "ஏப்பா, வானம் இம்புட்டு நீலமாவா இருக்கு?" எதிர்மாடியில் இருந்த நீலத் தண்ணீர் டிரம்மைக் காட்டி, அது பச்சை என்றல்லவா நினைத்திருந்தேன் என்றாள். பழுப்பேறிய லென்ஸ் அத்தனை வருஷமும் நீலத்தைத்தான் வடிகட்டி வைத்திருந்தது. மெலனாப்சின் செல்கள் அதிகம் உணர்வது சுமார் 480 நானோமீட்டர் ஒளியை. அது அந்த வான நீலம்தான். என் அறையும் அந்த லென்ஸும் சேர்ந்து, இருக்கிற கொஞ்சத்தையும் அவளுக்கு எட்டவிடாமல் செய்திருக்கின்றன. ஊரில் புரை விழுந்தும் அவள் நன்றாகத் தூங்கியது, கலங்கிய கண்ணாடி வழியாகவும் போய்ச் சேரும் அளவுக்கு அங்கே வெளிச்சம் கொட்டிக்கிடந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது காலையில் எழுந்ததும் பால்கனி. அங்கேதான் காபி, கீரை ஆய்வது, பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிப்பது எல்லாம். சாயங்காலம் ஏழரைக்கு மேல் ஹாலில் பெரிய விளக்கை அணைத்துவிடுகிறோம். ராத்திரிக்குக் கட்டிலின் கீழே, தரையில் மட்டும் வெளிச்சம் விழும்படி மஞ்சள் ஜீரோ வாட்ஸ் பல்பு. நடுவில் எப்போதாவது எழுந்திருப்பாள். எழுபத்தாறு வயதில் யார்தான் எழுந்திருக்கமாட்டார்கள். ஆனால் விடிந்துவிட்டதா என்று கதவைத் தட்டுவதில்லை. ஒருநாள் அவளிடம், "அந்த ரூம்ல உன்னைப் போட்டது தப்பும்மா" என்றேன். "நீ நல்லதுன்னுதான செஞ்ச" என்றாள். அவள் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

போன மாதம் பெரியப்பா மகன் போன் செய்தான். பெரியப்பாவை ஊரிலிருந்து கூட்டி வரப்போகிறானாம், குரோம்பேட்டை வீட்டில் அவருக்கு ஓர் அறை தயார்செய்கிறானாம். எத்தனை டன் ஏசி போட்டால் சரியாக இருக்கும் என்று என்னைக் கேட்டான். ஜன்னல் எந்தப் பக்கம் என்றேன். "ஜன்னல் இல்லண்ணே. ஆனா அட்டாச்டு பாத்ரூம் இருக்கு, சத்தமே வராது, நல்ல ரூம்ணே" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் வீட்டுக்குப் போய்விட்டேன். நடந்ததையெல்லாம் அவனிடமும் அவன் மனைவியிடமும் சொன்னேன், அம்மா விழுந்ததையும், பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கியதையும் மறைக்காமல். அவன் மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா கட்டிலை ஹால்ல போட்டா வர்றவங்கள எங்க உக்காரவைக்கிறது?" என்றாள். நானும் ஒரு காலத்தில் கேட்ட கேள்வி அது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து கட்டிலைத் தூக்கி ஹாலின் கிழக்கு ஜன்னலோரம் போட்டோம். சோபாவையும் டிவியையும் உள்ளறைக்கு நகர்த்தினோம்.